சின்ன வட்டம்

மூடியைக் கழற்றுமுன்பே பாதி தெரிந்துவிடும்.
சாவியை ஒரு கிளிக் இழுத்து
மெல்லத் திருப்பிப் பார்க்கிறேன்.
நாலாவது முள் அசையவே இல்லையென்றால்
அதற்கு வேறு ஊர் தெரியாது.
பகலா ராத்திரியா என்று மட்டும் சொல்லும்.
தனியாகத் தாவினால்,
டக், டக், மணிக்கு மணி,
சரி, இது இன்னொரு நாட்டைப் பார்த்திருக்கிறது.
ஆனால் முழு மணிக் கணக்கில்தான் போய்வரும்.

பாபுராவ் தெருவில், லாட்ஜ் படிக்கட்டுக்குக் கீழே
என் கடை நாலடி அகலம்.
இந்தப் பக்கம் மருந்துக் கடை,
அந்தப் பக்கம் வங்காளத்தில் பலகை எழுதிய மீன் சோறு.
மே மாதம் லென்ஸுக்குள் வியர்வை இறங்காமலிருக்க
புருவத்துக்கு மேலே கர்ச்சீப் கட்டிக்கொள்வேன்.

போன வாரம் மேல்விஷாரத்திலிருந்து முதஸ்ஸிர் பாய்
மூன்று வாட்ச் கொண்டுவந்து வரிசையாகப் படுக்கவைத்தார்.
தொள்ளாயிரம். இரண்டாயிரத்து முந்நூறு.
மகன் ஷார்ஜாவிலிருந்து அனுப்பியது, ஆறாயிரத்து எண்ணூறு.
மூன்று முதுகையும் திறந்தேன்.
காயிலுக்குப் பக்கத்தில் எறும்பெழுத்தில்
அதே எண். அதே ஜப்பான்.
கல் ஒன்றுகூட இல்லையென்று
அதுவே எழுதி ஒப்புக்கொண்டிருக்கிறது.
“அப்போ மிச்சக் காசு எங்கேம்மா போச்சு?”
கேஸைத் திருப்பிக் காட்டினேன்.
பளபளவென்றுதான் இருந்தது.
மகனிடம் சொல்லாதே என்று எனக்கே சொல்லிவிட்டுப் போனார்.

ஷெஃபாலி கொண்டுவந்தது நல்ல வாட்ச். முள் தாவுகிற ஜாதி.
பரிசாலிலிருந்து வந்தவள்,
புருஷன் நாலாவது மாடியில்.
“ஓடுது திதி, ஆனா தப்பா ஓடுது.”
ஊர் டாக்டர் எழுதிய மாத்திரை
ஊர் மணிக்கு ஒன்பது.
இங்கே அப்போது எட்டரை.
அந்த முள் எட்டரை காட்டும்,
தட்டிவிட்டால் ஒன்பதரை காட்டும்,
ஒன்பதை மட்டும் காட்டவே காட்டாது.
நிமிஷ முள் ஒன்றே ஒன்று,
அது வேலூருக்கு உழைக்கிறது.
அரை மணியை எதில் கட்டித் தூக்கும்?

அட்டைப்பெட்டியைத் துழாவி ஒன்றை எடுத்தேன்.
எழுநூற்றைம்பது. அழகென்று சொல்ல மாட்டேன்,
தோசைக்கல் மாதிரி முகம், இரண்டு பக்கமும் சாவி.
“காதுல வச்சுப் பாரு.”
இரண்டு துடிப்பு, ஒன்றோடொன்று சேராமல்,
ஒரே வீட்டில் இரண்டு குழாய் சொட்டுகிற மாதிரி.
உள்ளே இரண்டு மெஷின், இரண்டு பேட்டரி,
நிமிஷ முள்ளும் ஆளுக்கொன்று.
திறந்தே காட்டினேன்.
பெரிய வட்டத்தின் மெஷினுக்கு எண் உண்டு, ஊர் உண்டு.
சின்ன வட்டத்துக்கு ஒன்றுமில்லை, மொட்டைத் தகடு.
யார் பெற்றதோ.
“இது எப்போ நிக்கும்னு என்னால சொல்ல முடியாது” என்றேன்.

“பேர் இருக்கறதுல எங்க ஊரை வை.”

வைத்தேன்.
வேலூரைத் தகட்டில் வைத்தேன்.
கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது,
முப்பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன் இந்த ஊரில்.

பதினொன்றாம் நாள் வந்தாள்.
பெரிய வட்டம் ஓடுகிறது,
சின்னது நாலு பத்தில் நின்றுவிட்டது.
பேட்டரி நாற்பது ரூபாய்.
எடுக்கப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டாள்.
“நாளைக்குக் காட்பாடியில வண்டி.
இனி இந்த மணி எதுக்கு?”
சரிதான்.
வாசல்வரை போனவள் திரும்பி வந்து
இரண்டு இருபது ரூபாய் நோட்டைக் கண்ணாடிமேல் வைத்தாள்.
“ஆறு மாசத்துல ரிவ்யூ. அப்போ போடு.”
அப்போது கொடு என்றேன். கேட்கவில்லை.
நின்றுபோன வேலூரைக் கட்டிக்கொண்டே
ஆஸ்பத்திரிப் பக்கம் ரோட்டைத் தாண்டினாள்.

நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்:
பரிசால். சின்ன வட்டம்.
முந்நூற்று எழுபத்தேழாம் நம்பர், ஒன்று.
பாக்கி, நாம்.